வாத்துக்கு வீசிய துண்டு

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள் பறவை பார்க்கப் போகக் கூடாது. வாயை அடக்குவது எளிது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும் (அல்லது பிளந்துகொள்ளும், எப்படியும் சத்தம் வராது). கைதான் பிரச்சினை. நல்ல பறவை ஒன்று கண்ணில் பட்டதும் அது பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உலுக்கும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும். என் கை அப்படி ஒருவரைக் கூப்பிடப் போய், சுற்றுவட்டாரமே தண்ணீருக்குள் பாய்ந்தது.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்காருவோம். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் பறவைப் படங்கள் உள்ள கையேடு ஒன்றைக் கலரில் பிரதி எடுக்க வந்தார். மெஷினில் மஞ்சள் மை தீர்ந்துபோய் முதல் பிரதி முழுக்க ஊதாவும் நீலமுமாக வந்துவிட்டது. கெட்டுப்போன பிரதியைத் தூக்கிப்போட மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். (முதல் இரண்டு மாதம் நான் பார்த்த ஒரு பறவைகூட அந்தப் படத்தில் இருந்த நிறத்தில் இல்லை. நம் பக்கத்து வெயிலில் பாவம், சாயம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

புத்தகங்கள் வசந்தம் என்று சொல்கிற மாதத்தில் எங்கள் பக்கம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். ஆனால் பறவைக்காரர்களுக்குப் பங்குனி என்றால் கல்யாண வீட்டுப் பரபரப்பு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கியவை எல்லாம் ஊர் திரும்பும் நேரம் அது. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் இருந்தவையும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் தண்ணீர் பளபளக்கிற இடத்தில் இறங்கி, ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டுப் போகும். நேற்றுக் காலியாகக் கிடந்த கண்மாயில் இன்றைக்கு எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் பாலவனத்தம் பக்கம் சூறைக்குருவிகள் ஒரு கருவேல மரத்தையே மூடிக்கொண்டு கத்துவதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தேன். அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆதார் அட்டையின் முன்பக்கத்தையே இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் சேர்ந்திருந்த பறவைக்காரர்களின் வாட்ஸப் குழுவை விருதுநகர்க்காரர் ஒருவர் நடத்திவந்தார். நான் எதைப் பார்த்தேன் என்று எழுதினாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "படம் இருக்கா?" வீட்டில் அவருக்குப் படம் சார் என்றே பெயர் வைத்துவிட்டோம். அந்த வருடம் எனக்கு ஒரே வெறி, வரித்தலை வாத்தைப் பார்த்துவிட வேண்டும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலைக்கு மேலேயே ஏறிப் பறந்து அந்தப் பக்கம் இறங்குகிற பறவை. அதை நம் கரிசல் காட்டில் பார்த்து, படமும் எடுத்து, படம் சார் கேட்பதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன்.

இனி என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊர் நரிக்குடிப் பக்கம். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் மிளகாய், நாலைந்து ஆடு. அதிகம் பேச மாட்டார். எனக்கு இது வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது கண்மாய்க்குத் துண்டு வீச வேண்டும் என்பதுதான் அது.

கண்மாய் பெருகிய வருடத்தில், தண்ணீர் வற்றிவரும் பங்குனியில், அந்த ஊரில் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், கிடைத்த மீனை அள்ளிக்கொண்டு போகலாம். விற்கக் கூடாது, குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரையில் இருக்கும் கருப்பசாமிக்குச் சூடம் காட்டிவிட்டு, முறைகாரர் மடை மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுகிறவரை ஒருத்தர் காலும் தண்ணீரில் படக் கூடாது. துண்டு வீசும் முறை ஊரில் சில வீடுகளுக்கு மாறி மாறி வரும். கண்மாய் பெருகுவதோ வானத்தின் மனசைப் பொறுத்தது. மாமாவின் அப்பா தன் முறைக்காகக் காத்திருந்த வருடங்களில் கண்மாய்க்குள் ஆடுதான் மேய்ந்தது. துண்டு வீசாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கண்மாய் பெருகிக் கிடக்கிறது, முறையும் மாமாவுக்கு வந்துவிட்டது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம். மாமா மொட்டை மாடியில் பயிற்சி எடுக்க ஆரம்பித்திருந்தார். என் மாமியார் கீழே நின்று, "கொடியில காயப் போட்ட துணிய எடுக்கக்கூட இந்தக் கை இப்பிடி மேல போனதில்லயே சாமி" என்பார். மாமா காதில் வாங்க மாட்டார். என்னைத்தான் கேட்பார்.

"தாயி, தூரத்துல நின்னு பாத்தாத் தெரியுமா?"

நான் தெருக்கோடிக்குப் போய் பைனாகுலரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். "ரெண்டு சுத்துப் பத்தல மாமா. மூணு சுத்து சுத்துங்க. கைய நல்லா நீட்டி, தலைக்கு மேல."

அப்படி அவருக்கு அந்த வீச்சைப் பழக்கிவிட்டவளே நான்தான். துண்டு அருப்புக்கோட்டையில் வாங்கியது. அதற்கு இஸ்திரியும் போட்டு, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தார். என் பங்குக்கு அவர் படத்தோடு ஃபிளெக்ஸ் ஒன்று அடித்து ஊர் முகப்பில் கட்டினேன். மாமா காரணமே இல்லாமல் அந்தப் பக்கம் நாலு தடவை நடந்துவிட்டு வந்தார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் கரை நிறைந்துவிட்டது. டிராக்டர், லோடு ஆட்டோ, பைக்கில் மூன்று பேர் என்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கையில் ஊத்தா என்கிற கவிழ்த்துப் பிடிக்கும் கூடை, வலை, கொசுவலை, சேலை. ஒருவர் பழைய டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டோடு வந்திருந்தார். இத்தனை பேர் உள்ளே இறங்கினால் கண்மாயில் ஒரு கொக்குகூட மிஞ்சாது. அதற்குள் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நான் கரையின் கிழக்குக் கோடிக்குப் போய், உபரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு மேல் ஏறி உட்கார்ந்தேன். வெயிலுக்காக வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டி, அவருடைய வெள்ளைத் துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டியிருந்தேன். இரவல் கேமராவின் பேட்டரி வீட்டில் சார்ஜில் இருந்தது. "எடுத்துட்டுப் பின்னாடியே வாரேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அவர் வந்தார், ஆனால் கரையின் நடுவரைக்கும்தான். அங்கே சித்தப்பா, பெரியப்பா மக்களோடு டீ குடித்துக்கொண்டு நிற்பது பைனாகுலரில் தெரிந்தது. கழுத்தில் கேமரா தொங்கியது. வடையைப் பிய்த்து வாயில் போடுவதுகூடத் தெரிந்தது.

அப்போதுதான் தெற்கிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மூக்கால் பேசுகிற நாலைந்து கிழவர்கள் ஆகாயத்தில் வாக்குவாதம் செய்வது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். வளைந்த கோடாக ஒரு கூட்டம் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. கண்மாயை ஒரு வட்டம் அடித்து, சிறகை விரித்துப் பிடித்து, காலை முன்னால் நீட்டி, என் கண்ணெதிரே சேற்றோரத்தில் ஒவ்வொன்றாக இறங்கியது. பைனாகுலரைத் திருப்பினேன். வெள்ளைத் தலை! இரண்டு கறுப்பு வரி! ஒன்று தலையைத் திருப்பி எனக்கென்றே காட்டுவது போல் பின்மண்டையைக் காட்டியது. வரித்தலை வாத்து, வரித்தலை வாத்து என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட (வீட்டுக்காரர் இதைப் படிக்கக் கூடாது) நான் அப்படி ஆடிப்போகவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன். அவர் இரண்டாவது வடையை எடுத்தார். இவ்வளவு பக்கத்திலிருந்து கத்தினால் வாத்து பறந்துவிடும். எழுந்து போனாலும் பறந்துவிடும். இத்தனை நாள் கனவு கண் முன்னால் நிற்கிறது, கேமராவோ வடைக்குப் பக்கத்தில் ஆடுகிறது. அவராவது என் பக்கம் திரும்ப மாட்டாரா என்று தவித்தேன். நான் செய்ததை யோசித்துச் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கலுங்கு மேல் மெதுவாக எழுந்து நின்றேன். தலையில் இருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்தேன். கையை நல்லா நீட்டி, தலைக்கு மேல், மூன்று சுற்றுச் சுற்றினேன்.

(படிக்கிற நீங்கள் புத்திசாலி. எனக்கு அப்போது வாத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.)

"ஓஓஓ" என்று ஒரு கூச்சல். கரை மொத்தமும் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது போல் இருந்தது. ஆண், பெண், கிழவன், குமரி, டேபிள் ஃபேன் கூண்டு எல்லாம் உள்ளே. தண்ணீர் சேறாகி, சேறு மனிதர்களாகி, கெண்டையும் கெளுத்தியும் துள்ள, என் வாத்துகள் ஒரே வீச்சில் எழும்பி, என் தலைக்கு மேலாகவே கத்திக்கொண்டு வடக்கே போயின. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எவனோ ஒரு அவசரக்குடுக்கை நேரத்துக்கு முன்பே கண்மாயைத் திறந்துவிட்டான் என்று மனசாரத் திட்டினேன்.

மாமா அந்த நேரத்தில் கருப்பசாமி முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாராம். சூடம் எரிந்துகொண்டிருந்தது. துண்டு மடிப்புக் கலையாமல் தோளில். கூச்சல் கேட்டுக் கண்ணைத் திறந்தவர் மடைக்கு ஓடினார். ஏறினார். எல்லோரும் தண்ணீருக்குள் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். அத்தனை முதுகுகளைப் பார்த்து மாமா துண்டை வீசினார், மூன்று சுற்று. ஒருத்தரும் நிமிரவில்லை. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்க, ஒங்க நெழலுக்கு மீனு கலையுது" என்றாராம். இதை என் மாமியார் பின்னால் சொல்லித்தான் கேட்டேன். இன்றைக்கும் இந்த இடத்தை என்னால் சிரிக்காமலும் சொல்ல முடியாது, கண்ணைத் துடைக்காமலும் சொல்ல முடியாது.

இதற்குள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கலுங்கை நோக்கி வேகமாக வந்தார்கள். வெயிலுக்கு எதிரே நின்ற யாரோ ஒரு ஆள் திருட்டுத்தனமாகத் துண்டு வீசிவிட்டான், பக்கத்து ஊர்க்காரன் வேலைதான், பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்பது அவர்கள் திட்டம். எனக்கு அது எங்கே தெரியும்? வாத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்வமாக வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"பாத்தீகளா? பாத்தீகளா?" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். "எம்புட்டு அழகா எறங்குச்சு! யாரு அதுக்குள்ள துண்ட வீசுனது? ஒரு அஞ்சு நிமிசம் பொறுக்கக் கூடாது? அறிவு வேண்டாம்?"

அவர்கள் நின்றார்கள். ஒருவர் என் கையைப் பார்த்தார். மற்றவர்களும் என் கையைப் பார்த்தார்கள். எல்லோரும் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று நானும் குனிந்து பார்த்தேன். துண்டு.

"ஏலே," என்று முன்னால் நின்றவர் பின்னால் திரும்பிச் சொன்னார், "இது நம்ம அண்ணாச்சி மருமகடா."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் பங்குனியில் கரிசல் பூமி பாளம் பாளமாகப் பிளந்துதான் கிடந்தது. ஆனால் ஒரு வெடிப்பும் என் அளவுக்கு இல்லை. என் வீட்டுக்காரர் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்து, நிலைமை புரியாமல் கேமராவை நீட்டி, "எங்க, எங்க?" என்றார். அவரைப் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த மிச்ச வடை கீழே விழுந்தது.

மடையருகே பஞ்சாயத்துக் கூடிவிட்டது. மாமா மடைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். புதுத்துண்டு மடியில் சுருண்டு கிடந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தேன். கோயிலில் கழற்றி விட்ட செருப்பை அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவந்ததில் ஒன்று எங்கேயோ போயிருந்தது. அப்பா காலத்திலிருந்து காத்திருந்த ஒரு மனிதரின் ஒரே ஆசையை ஒரு வாத்துக்காக வீசி எறிந்துவிட்டேனே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். "பொம்பளப்புள்ள தெரியாம வீசுனது கணக்குல சேராதுப்பா. ஒன் முறை அப்பிடியே இருக்கட்டும், அடுத்தாப்ல கண்மாய் பெருகுறப்ப நீயே வீசு. ஆனா நடந்தது குத்தம். மருமக சாமி முன்னாடி விழுந்து, ஊர்ச் சனத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுரட்டும்."

எனக்கு உயிர் வந்தது. விழுவதென்ன, உருளச் சொன்னாலும் உருண்டிருப்பேன். மாமாவுக்கு முறை திரும்பக் கிடைத்துவிடுமே! நான் முன்னால் ஓரடி எடுத்து வைப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"கணக்குல சேரும்ணே," என்றார்.

"என்னப்பா சொல்ற?"

"முறை எங்க வீட்டுக்கு. வீசுனது எங்க வீட்டுத் துண்டு. வீசுன புள்ளயும் எங்க வீட்டுப் புள்ள. இதுல குத்தம் எங்கன இருக்கு? அது எதுக்கு விழுகணும்?"

"அப்பிடிச் சொன்னா ஒன் முறை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். மறுபடி சுத்தி வார வரைக்கும் நீ இருக்கணும், மழையும் பெய்யணும்."

"முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது," என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொலைந்த செருப்பைத் தேடப் போனார்.

அன்று மத்தியானம் ஊர் முழுக்க மீன் குழம்பு வாசம். நான் கொல்லைப்புறத்தில் கெளுத்தியைக் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அப்பிடி என்ன தாயி பறவ அது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இமயமலையை எப்படித் தாண்டுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மறுபடி உற்சாகம் வந்து, கையில் இருந்த கெளுத்தியை வைத்தே எவ்வளவு உயரம் பறக்கும் என்று காட்டினேன். மாமா கெளுத்தி போன உயரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இமயமலையத் தாண்டிப் போறதா நம்ம கண்மாயில வந்து எறங்குச்சு?"

"ஆமா மாமா."

"பெறகென்ன? துண்டு வீச வேண்டியதுதான்," என்றார். அதைக் கேட்டு நான் முன்னிலும் அதிகமாக அழுதேன். மாமியார் உள்ளிருந்து, "மீன உப்புத் தண்ணியில கழுவாத புள்ள, கொழம்புல ஏற்கெனவே உப்புப் போட்டாச்சு" என்றார்.

(படம் சாருக்குப் படமும் கிடைத்தது. கூட்டம் தண்ணீரில் பாய்வதை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். அதன் மூலையில் என் வாத்துகள் எழும்பிப் போகின்றன. அனுப்பி வைத்தேன். "வரித்தலை வாத்துதான், வாழ்த்துகள். அடுத்த முறை இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்" என்று பதில் வந்தது.)

இரண்டு வருடம் கழித்துக் கண்மாய் மறுபடி பெருகியது. முறை வேறு வீட்டுக்கு. முறைகாரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடை மேல் ஏறினார். கரையில் அத்தனை ஊத்தாவும் தயார். ஆனால் ஒருத்தர்கூட மடையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் கலுங்குப் பக்கம் திரும்பியிருந்தது. முறைகாரர் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பிப்போய் நின்றார். உடனே மைக்கைப் பிடித்திருந்த ஊர்ப் பெரியவர் கேட்டார்: "அருப்புக்கோட்ட மருமக எங்கன இருக்காக? அதச் சொல்லுங்கப்பா மொதல்ல. அவுக இருக்க எடம் தெரியாம நாங்க யாரு துண்ட நம்புறது?"

கரை முழுக்கச் சிரித்தது. நான் டிராக்டர் டிரெய்லரில் மாமியாருக்குப் பக்கத்தில், கைக்குட்டைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மாமாதான் எழுந்தார். டிரெய்லரின் பக்கப் பலகை மேல் ஏறி நின்றார். மருமகள் இங்கேதான் பத்திரமாக இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்வதற்காகத் தோளில் இருந்த துண்டை எடுத்து, கையை நல்லா நீட்டி, தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றினார். அத்தனை ஊர் சனமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கையை இறக்கிய பிறகுதான் முறைகாரர் துண்டு வீசினார்.

இப்போது அது ஊர் வழக்கமாகிவிட்டது. "மருமக எங்கன?" என்று மைக்கில் கேட்பார்கள், மாமா துண்டு வீசிப் பதில் சொல்வார், அப்புறம்தான் கண்மாய் திறக்கும். மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் முறைக்காக வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். மாமா கண்மாய் பெருகுகிற ஒவ்வொரு தடவையும் வீசுகிறார். போன பங்குனியில் நான் காய்ச்சலாகக் கிடந்தேன். அவள் வர மாட்டாள் என்று வீட்டுக்காரர் மாமியாரிடம் போனில் சொன்னதும், மாமா போனைப் பிடுங்கி என்னைக் கூப்பிடச் சொல்லிப் பதறிவிட்டார்.

"அதெல்லாம் ஏலாது தாயி. மாத்திரையப் போட்டுட்டு பஸ்ஸேறு. நீ வரலன்னா, நீ எதுக்குப்பா துண்டு வீசுறன்னு என்னையக் கேப்பாங்கெ."